சிதறால் மலைப் பாறையில் சிங்கத்தோடு நிற்கும் பெண் உருவம் யாருடையது?

கேள்வி (பாறசாலை)
சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பாட்டியைக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சிதறால் மலைக்கோயிலுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். உள்ளே பகவதியை வணங்கிவிட்டு வெளியே வந்தவர், பாறையில் சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கும் பெண் உருவத்தைப் பார்த்து, "இது நம்ம இசக்கியம்மையில்லா" என்று கைகூப்பினார். அருகில் வரிசையாக அமர்ந்திருக்கும் உருவங்களைப் புத்தர் என்றார் உடன் வந்த உறவினர். எது சரி என்று விளக்க முடியுமா?

மறுமொழி (மார்த்தாண்டம்)
அமர்ந்திருப்பவர்கள் சமணர் வணங்கும் பெருங்குருமார்களான தீர்த்தங்கரர்கள். ஆடையற்ற உடலையும் தலைக்கு மேல் அடுக்காக உள்ள முக்குடையையும் பாருங்கள்; புத்தருக்கு முக்குடை இல்லை, துவராடை (காவியுடை) உண்டு. நின்ற கோலத்தில், தலைக்கு மேல் பாம்பு படம் விரித்திருப்பவர் பார்சுவநாதர். மற்றவர்களைப் பெயர் சொல்லி அடையாளம் காண்பது எளிதன்று. தமிழகத்துப் பாறைச் சிற்பங்களில் தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் உரிய இலாஞ்சனைகளை (அடையாளச் சின்னங்களை) பெரும்பாலும் செதுக்கவில்லை என்பதால், அமர்ந்த உருவங்களை எல்லாம் மகாவீரர் என்று சொல்லிவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

நீங்கள் கேட்ட பெண் உருவம் நேமிநாதர் என்னும் தீர்த்தங்கரரின் இயக்கியான (காவல் தெய்வமான) அம்பிகை. தமிழ்ச் சமணர் அவளைத் தருமதேவி என்பர். துறவிக்கு உணவளித்ததற்காகக் கணவனால் விரட்டப்பட்டு, இரு பிள்ளைகளோடு வெளியேறியவள் மறுபிறப்பில் இயக்கியானாள் என்றும், அக்கணவனே அவளுக்குச் சிங்க வாகனமானான் என்றும் கதை உண்டு. இயக்கி என்னும் சொல்லே நம் வட்டாரத்தில் இசக்கி என்று திரிந்தது. ஆகவே உங்கள் பாட்டி சொன்ன பெயரைத் தவறு என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

மறுமொழி (களியக்காவிளை)
இம்மலையின் பழம்பெயர் திருச்சாரணத்துமலை. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அதாவது சற்றேறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முன், அரட்டநேமி பட்டாரரின் மாணாக்கியான குணந்தாங்கிக் குரத்திகள் இங்குள்ள பட்டாரியாருக்கு (பெண் தெய்வத்துக்கு) பொன் அணிகள் அளித்ததாகக் கல்வெட்டு கூறுகிறது. குரத்தி என்றால் பெண் குரு. ஒரு பெண் துறவி பெண் தெய்வத்துக்கு அணி செய்து வழங்கிய செய்தி பாறையில் நிலைத்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலைச் சிற்பங்களின் கீழும் திருச்சாரணத்துக் குரத்திகளின் பெயர் காணப்படுவதால், இம்மலையின் துறவியர்க்கு அவ்வளவு தொலைவிலும் தொடர்பு இருந்தது தெளிவு. 13ஆம் நூற்றாண்டளவில் கோயில் பகவதி கோயிலாயிற்று. ஆயினும் தீர்த்தங்கரர்களின் உருவங்களை யாரும் அழிக்கவில்லை.

மறுமொழி (நாகர்கோவில்)
இங்குள்ள நாகராஜா கோயில் தூண்களிலும் பார்சுவநாதர், அவருடைய இயக்கி பத்மாவதி ஆகியோரின் உருவங்கள் உள்ளன. 16ஆம் நூற்றாண்டிலும் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர்களுக்கு அக்கோயிலில் கொடை வழங்கப்பட்டிருக்கிறது. பாட்டியை அங்கும் அழைத்து வாருங்கள், படியேற வேண்டியதில்லை.