முற்றத்தில் நிற்கும் அண்டா

குழு: நம்ம வீட்டு ஆட்கள்

கவிதா: பீஜிங்கில் மணி ஒன்று. காலையிலிருந்து பழைய சீன மன்னர்களின் அரண்மனைக்குள்தான் (தடைசெய்யப்பட்ட நகரம் என்பார்களே) நடக்கிறேன், பாதிகூட முடியவில்லை. 72 ஹெக்டேர். [படம்]

அம்மா: சாப்பிட்டாயா? இது என்ன, கல்யாண வீட்டு அண்டா மாதிரி இருக்கிறதே. வெளியிலேயா சமைப்பார்கள்?

கவிதா: சாப்பிட்டேன் அம்மா. அது சமைக்க இல்லை, தீப்பிடித்தால் அணைக்கத் தண்ணீர். கட்டடம் முழுக்க மரம் அல்லவா. சீனாவின் கடைசி அரச வம்சமான சிங் மன்னர்கள் காலத்தில் இப்படி 308 அண்டாக்கள் இருந்தனவாம். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்கப் பஞ்சு வைத்துத் தைத்த உறையால் போர்த்தி, அடியில் கரி மூட்டி வைப்பார்கள்.

அம்மா: மரக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே கரியா? எனக்குக் கேட்கவே பயமாக இருக்கிறது.

கவிதா: அறைக்குள்ளும் அப்படித்தான் அம்மா. தரைக்கு அடியில் சூடு போகக் குழிப்பாதை, வெளியே இருந்து கரி போடுவார்கள். புகைபோக்கி எங்கேயும் கிடையாது.

கவிதா: [படம்] இந்த அண்டாவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தங்க முலாம் பூசியது. கோடு கோடாகச் சுரண்டியிருக்கிறது பாருங்கள். 1900இல் எட்டு நாட்டுப் படைகள் நகருக்குள் புகுந்தபோது துப்பாக்கிமுனைக் கத்தியால் சுரண்டியது என்கிறார்கள். கத்தி எந்தப் பக்கம் இழுத்தது என்பதுகூடத் தெரிகிறது. ரொம்ப நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

நிலா: அத்தை, 9,999 அறை இருக்கிறதா? வானத்துக் கடவுளுக்கு 10,000, அதனால் ராஜாவுக்கு ஒன்று குறைவு என்று படித்தேன்.

கவிதா: அது கதை நிலா. 1973இல் எண்ணிப் பார்த்தபோது 8,707தான் வந்தது. நான்கு தூணுக்கு நடுவில் இருக்கிற இடம்தான் அவர்கள் கணக்கில் ஓர் அறை.

பெரியப்பா: கவிதா, என்ன மரம்? ஆணி அடித்திருக்கிறார்களா?

கவிதா: நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும் பெரியப்பா. சிங் வம்சத்துக்கு முந்தைய மிங் வம்சத்து மன்னர் யோங்லே 1406இல் தொடங்கி 1420இல் முடித்தார். தலைநகரை நான்ஜிங்கிலிருந்து இங்கே மாற்றுவதற்காகக் கட்டியது. தூணுக்கு நான்மு என்கிற மரம். தென்மேற்கே சிச்சுவான் மலைக்காட்டில் வெட்டி, ஆற்றில் மிதக்கவிட்டு, பெருங்கால்வாய் வழியாக வடக்கே கொண்டுவந்தார்கள். அவ்வளவு பாடுபட்டு 1421 புத்தாண்டில் தர்பார் நடத்தினால், அந்த மே மாதமே இடி விழுந்து மூன்று பெரிய மண்டபங்களும் எரிந்துபோயின. கிட்டத்தட்ட 20 வருடம் மேடை மட்டும் மொட்டையாகக் கிடந்தது.

பெரியப்பா: நாலைந்து மாதம்தானா நின்றது! அந்தத் தச்சர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

கவிதா: அப்புறம் 1557, 1597, 1679 என்று திரும்பத் திரும்ப எரிந்திருக்கிறது. அந்த மூன்றில் பெரியது தைஹெ மண்டபம். இப்போது நிற்பது சிங் மன்னர் காங்ஷி 1695 முதல் 1697 வரை கட்டியது. 72 தூண். அதற்குள் பெரிய நான்மு மரம் கிடைக்காமல் பைன் மரத்துக்கு வந்துவிட்டார்கள்.

கார்த்திக்: அக்கா, அந்த மூன்று மண்டபங்களுக்கும் பின்னால் படிக்கட்டு நடுவே ஒரே கல்லில் நாகம் செதுக்கியிருக்குமே, பார்த்தாயா? கிரேன் இல்லாமல் எப்படி?

கவிதா: நாகம் இல்லை, டிராகன். 16 மீட்டருக்கு மேல் நீளம், 200 டன்னுக்கு மேல் எடை. பனி மேல் இழுத்து வந்தார்கள் தம்பி! கல்குவாரி சுமார் 70 கிலோமீட்டர் தள்ளி. வழியெல்லாம் கிணறு வெட்டி, கடுங்குளிரில் தண்ணீர் ஊற்றி, பாதையையே உறைய வைத்து இழுத்தார்கள். 1557இல் இன்னொரு கல், 123 டன், இப்படி வந்துசேர 28 நாள் ஆனதாகக் குறிப்பு இருக்கிறது.

பெரியப்பா: ஆணிக்குப் பதில் வரவில்லையே.

கவிதா: மறக்கவில்லை பெரியப்பா. தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் ஆணி இல்லை, நாக்கும் குழியும்தான். தூணை மண்ணில் புதைக்கவில்லை, கல் பீடத்தின் மேல் சும்மா நிற்கிறது. மேலே நம் கோயில் தூண் உச்சியில் இருக்கிற போதிகை மாதிரி, ஆனால் மரத்தில், அடுக்கடுக்காகப் பூட்டியிருக்கிறார்கள். டூகோங் என்று பெயர். கூரையின் பாரம் அதன் வழியாகத் தூணுக்கு இறங்குகிறது. நிலநடுக்கம் வந்தால் எல்லாம் கொஞ்சம் ஆடிவிட்டு நிற்குமாம்.

பெரியப்பா: நிற்கும். ஆணி அடித்தால் மரம் ஆடும்போது ஆணிதான் மரத்தைக் கிழிக்கும். நாக்கு என்றால் ஒன்றோடு ஒன்று உராய்ந்தே வேகம் அடங்கிவிடும். தூணைக் கல்மேல் நிறுத்தியதால் ஈரமும் ஏறாது. வேலை தெரிந்தவர்கள்.

நிலா: கூரை ஓரத்தில் குட்டி பொம்மைகள் எதற்கு?

கவிதா: தைஹெ மண்டபத்தில் மட்டும் பத்து மிருகம், முன்னால் பறவைமேல் ஒரு தேவர். பத்தாவதுக்குக் குரங்கு முகம், இறக்கை, கையில் வஜ்ராயுதம். இடி விழாமல் காக்குமாம். நூலகம் ஒன்று இருக்கிறது, வென்யுவான் மாடம். பெரும்பாலான கூரைகள் மஞ்சள் ஓடு, அதற்குக் கறுப்பு. அவர்கள் சாத்திரத்தில் கறுப்பு தண்ணீரின் நிறம். உள்ளே புத்தகம் அல்லவா.

கார்த்திக்: அப்புறம் தீயே வரவில்லையா?

கவிதா: வந்தது. 1923இல், பதவி போன பிறகும் கடைசி மன்னர் பூயி உள்ளேயே வாழ்ந்தபோது, ஒரு தோட்ட மாளிகை பொக்கிஷங்களோடு எரிந்தது. திருட்டை மறைக்க அரண்மனை ஆட்களே வைத்த தீ என்று அவருக்குச் சந்தேகம். மறு வருடம் அவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். 1925 அக்டோபர் 10இல் அரண்மனை அருங்காட்சியகம் ஆனது.

அம்மா: சரி, வெயிலில் நிற்காதே. தண்ணீர் குடி.

பெரியப்பா: ஓர் உதவி செய் கண்ணு. இறவாணத்துக்கு அடியில் நின்று நேர் மேலே பார்த்து ஒரு படம். அந்தப் பூட்டு தெரிய வேண்டும்.

கவிதா: [படம்] [படம்] போதுமா பெரியப்பா?

பெரியப்பா: இரண்டாவது படத்தில் இடமிருந்து நான்காவது கட்டை மட்டும் வண்ணம் பளிச்சென்று இருக்கிறது. மாற்றியிருப்பார்கள் போல. மேலே பாரம் இருக்கும்போது அதை மட்டும் எப்படி உருவினார்கள்? அங்கே யாரிடமாவது கேட்டுச் சொல்.