60 மைல் வேகத்தில் ட்ரெய்லர் ஆடுகிறது, ஏர் பேக் போட்டால் சரியாகுமா?

கேள்வி (பிளேனோ, டெக்சஸ்)
வணக்கம். எங்களிடம் இருப்பது நான்கு கதவு, ஆறு சிலிண்டர் நடுத்தர பிக்கப். இழுவைத் திறன் 6,400 பவுண்டு. அண்மையில் பழைய டிராவல் ட்ரெய்லர் ஒன்று வாங்கினோம். வெற்று எடை 4,300, உச்ச வரம்பு 5,500. விற்றவர் "தாராளமா இழுக்கும்" என்றார். எஞ்சின் இழுக்கத்தான் செய்கிறது. ஆனால் 60 மைலைத் தாண்டினால், அதிலும் பெரிய லாரி முந்திப் போகும்போது, ட்ரெய்லரின் பின்பக்கம் இடமும் வலமுமாக ஆடி ஸ்டியரிங்கையே இழுக்கிறது. பின் பம்பரில் நான்கு சைக்கிள், பின்கோடியில் இருக்கும் 30 கேலன் தொட்டி நிறையத் தண்ணீர். பிக்கப்பின் பின்தட்டில் ஜெனரேட்டரும் விறகும். கோடையில் அமரில்லோ, ராட்டோன் வழியாகக் கொலராடோ போக வேண்டும். பின் ஸ்பிரிங்குக்குத் துணையாகக் காற்றுப் பை (ஏர் பேக்) போட்டால் போதுமா? பிள்ளைகளோடு போவதால் பயமாக இருக்கிறது.

பதில் 1
தம்பி, ஏர் பேக் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும், அவ்வளவுதான். ஆட்டத்தை நிறுத்தாது. உங்களுக்கு இருப்பது பின்பாரம். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகத்தடி மேலே எழும்புமே, அதேதான் இங்கே ட்ரெய்லரை மாட்டும் ஹிட்ச் பந்தில் நடக்கிறது. ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அந்தப் பந்தின் மேல் இறங்க வேண்டும். அதைத்தான் டங் வெயிட் என்கிறோம். அது குறைந்தால் வால் ஆடும்.

ஊகம் வேண்டாம், எடை போடுங்கள். நெடுஞ்சாலை ட்ரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் (லாரி எடைமேடை) இருக்கும். எல்லோரும் உட்கார்ந்தபடி ட்ரெய்லரோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை. பிக்கப்பின் இரண்டு ஆக்சில் (சக்கர அச்சு) எடைகளின் கூட்டுத்தொகை எவ்வளவு கூடுகிறதோ அதுதான் டங் வெயிட். அப்படியே ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கர்களையும் பாருங்கள்.

கேட்டவர்
போட்டுவிட்டேன். பிக்கப் மட்டும், நாங்களும் சாமானுமாக 5,140. ட்ரெய்லரை மாட்டியதும் 5,500. ட்ரெய்லர் ஆக்சிலில் 4,840. ஸ்டிக்கரில் வண்டியின் உச்ச எடை 5,600, பேலோடு (வண்டியில் ஏற்றக்கூடிய பாரம்) 1,150. வரம்புக்குள்தானே இருக்கிறேன்?

பதில் 1
அங்கேதான் சிக்கல். டங் வெயிட் 360, ட்ரெய்லர் மொத்தம் 5,200. அதாவது 7 சதவீதம்கூட இல்லை. பந்தில் எடை குறைவாக இருப்பதால்தான் பிக்கப் வரம்புக்குள் நிற்கிறது. முறைப்படி 12 சதவீதம் வைத்தால் 624. பிக்கப் 5,764 ஆகிவிடும். 6,400 என்கிற எண் முன்னால் இருவர், தலா 150 பவுண்டு என்று வைத்துச் சோதித்தது. குடும்பமும் விறகும் அந்தக் கணக்கில் இல்லை. நடுத்தர பிக்கப்பில் முதலில் தீர்ந்துபோவது பேலோடுதான்.

ஆகவே குறையுங்கள். தண்ணீரை முகாமுக்குப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம், 250 பவுண்டு மிச்சம். ஜெனரேட்டரும் விறகும் வீட்டிலேயே இருக்கட்டும். சைக்கிளை ட்ரெய்லருக்குள் ஆக்சிலுக்கு மேலே கட்டுங்கள். ஒருபோதும் பம்பரில் வேண்டாம்.

பதில் 2 (டென்வர்)
அண்ணா சொன்னதோடு, வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் அவசியம். பந்தில் இறங்கும் பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரத்துக்கும் ட்ரெய்லர் ஆக்சிலுக்கும் அது தள்ளும். உராய்வால் ஆட்டத்தை அடக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அந்த ஹிட்சே 80 பவுண்டு வரை இருக்கும், பேலோடில் சேரும். வாங்கும்முன் உங்கள் ஹிட்ச் ரிசீவரின் (பிக்கப்பில் ஹிட்ச் செருகும் குழாய்) ஸ்டிக்கரையும் வண்டிக் கையேட்டையும் பாருங்கள். சில வண்டிகளில் இதற்கு அனுமதி இல்லை.

மீண்டும் ஆடினால் பிக்கப் பிரேக்கை மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிச் சமாளிக்கவும் பார்க்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, பிரேக் கன்ட்ரோலரின் (ட்ரெய்லர் பிரேக்கை இயக்கும் கருவி) கைநெம்பை மட்டும் மெல்ல அழுத்துங்கள். ட்ரெய்லர் பின்னுக்கு இழுபட்டு நேராகிவிடும். அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று கை பழகும்வரை காலியான பார்க்கிங்கில் ஓட்டிப் பாருங்கள்.

அமரில்லோ பக்கம் குறுக்குக் காற்று பலம். காற்று எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு நின்றுவிடுங்கள். ராட்டோன் கணவாய் 7,834 அடி. இறங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், பிரேக்கில் கால் வைத்தபடியே இறங்கக் கூடாது.

கேட்டவர்
மிக்க நன்றி. சாமானைக் குறைத்துவிட்டு மறுபடி எடை போடுகிறேன். வேகம் எவ்வளவு வைக்கலாம்?

பதில் 2
60க்கு மேல் வேண்டாம். பல ட்ரெய்லர் டயர்களின் வரம்பே 65தான். ட்ரெய்லர் டயர் குளிர்ந்திருக்கும்போது அதன் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்குக் காற்று நிரப்புங்கள். முதல் 50 மைலில் நிறுத்தி, சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பானர்) ஒருமுறை சரிபாருங்கள்.