நியூ ஆர்லியன்ஸில் வாடகை வீடு: ஏரிப்பக்கமா, ஆற்றுப்பக்கமா?

கேள்வி: அனைவருக்கும் வணக்கம். கணவருக்கு நியூ ஆர்லியன்ஸில் வேலை கிடைத்துக் கைக்குழந்தையுடன் வந்திருக்கிறோம். நாளைக் காலைக்குள் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். 2005 கத்ரீனா புயலின்போது அந்தத் தெருவே மூழ்கியது என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னதிலிருந்து உறக்கம் வரவில்லை. கையெழுத்திடலாமா?

பதில் 1: சகோதரி, முதலில் ஊரின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1718-இல் பிரெஞ்சுக் குடியேற்றத் தலைவர் பியன்வீல் இந்த ஊரை அமைத்தபோது, மிசிசிப்பி ஆறு வண்டல் கொட்டி உயர்த்திய கரையைத்தான் தேர்ந்தெடுத்தார். பின்புறச் சதுப்பு நிலத்தை 20ஆம் நூற்றாண்டில் பம்புகளால் வடித்து வீடுகள் கட்டினார்கள். நீர் வற்ற வற்ற மண் அமிழ்ந்து, இன்று ஊரில் ஏறக்குறையப் பாதி கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. இங்கே ஆற்றோரம்தான் மேடு. அதை விட்டு விலகாதீர்கள்.

பதில் 2: ஆற்றோர வாடகை புதிதாக வந்தவர்களுக்குக் கட்டுபடியாகுமா? நாங்கள் ஊரின் வடக்கே பாண்ட்சார்ட்ரெய்ன் ஏரிப்பக்கம், லேக்வியூவில் இருக்கிறோம். கத்ரீனாவின்போது, மழைநீரை ஏரிக்கு வடிக்கும் 17ஆம் தெருக் கால்வாயின் சுவர் உடைந்து மூழ்கிய பகுதிதான். இப்போது கால்வாய் ஏரியில் சேரும் முகப்பில் மதகும் பம்பு நிலையமும் கட்டியிருக்கிறார்கள். பயம் வேண்டாம்.

பதில் 3: எங்கள் முதல் கோடையில் ஒரு மாலை மழைக்கே தெருவில் நிறுத்திய காரின் இருக்கை வரை தண்ணீர் ஏறியது. அக்கம்பக்கத்தார் எல்லோரும் முன்பே தங்கள் கார்களைச் சாலை நடுவிலுள்ள புல்மேட்டில் ஏற்றிவிட்டிருந்தார்கள். எங்களிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பதில் 4: மழை மட்டுமா? 2021-இல் ஐடா புயல் வந்தபோது மின்சாரம் போய் ஊர் முழுவதும் இருண்டது. அந்தப் புழுக்கத்தில் குழந்தைகளை வைத்துக்கொண்டு பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

பதில் 5: அம்மா, எந்தப் பகுதி, எந்த மாடி என்று நீங்கள் சொல்லவில்லையே?

கேட்டவர்: ஏரிப்பக்கமுள்ள ஜென்டிலி. தரைத்தளம்.

பதில் 5: அப்படியானால் இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள். மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபெமாவின் (FEMA) வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். வீட்டுத் தளம் தெருவை விட எத்தனை அடி உயரம் என்று நேரில் அளந்து, 2005-க்குப் பிறகு எப்போதாவது தண்ணீர் புகுந்ததா என்று உரிமையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாடகைதாரர் காப்பீடு பொதுவாக வெள்ளச் சேதத்தை ஏற்காது. மத்திய அரசுத் திட்டத்தின் வெள்ளக் காப்பீட்டைத் தனியே வாங்க வேண்டும். அதுவும் பொதுவாக 30 நாள் கழித்தே நடப்புக்கு வரும் என்பதால், எந்த வீடானாலும் ஒப்பந்தம் முடிந்த அன்றே வாங்கிவிடுங்கள். அதே தெருவில் மாடி வீடு கிடைத்தால் அதையே எடுங்கள்.