லாக் கேபின் ரிபப்ளிகன்ஸ் வரலாற்றை 40 நிமிடத்தில் எப்படிச் சொல்வது?

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
வணக்கம். அடுத்த மாதம் இங்கே வாயனசாலை (படிப்பகம்) கூட்டத்தில் அமெரிக்காவின் லாக் கேபின் ரிபப்ளிகன்ஸ் பற்றி 40 நிமிடம் பேச வேண்டும். ரிபப்ளிகன் கட்சிக்காரர்களாக இருந்துகொண்டே தன்பாலீர்ப்பாளர் உரிமை கேட்கிற அமைப்பு என்ற அளவுக்குத்தான் கேட்பவர்களுக்குத் தெரியும். பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் மலையாளம். எங்கிருந்து தொடங்கலாம்? ராணுவ வழக்கில் அவர்கள் ஜெயித்தார்களா? ஒரு இடத்தில் வெற்றி என்கிறார்கள், இன்னொரு இடத்தில் தள்ளுபடி என்கிறார்கள். ‘கன்சர்வேடிவ்’ என்பதற்கு என்ன சொல் போடுவது?

செங்கோட்டை அண்ணாச்சி:
தம்பி, கலிபோர்னியாவில் தொடங்குங்க. மாநில செனட்டர் ஜான் பிரிக்ஸ் கொண்டுவந்த 6ஆம் முன்மொழிவு 1978 நவம்பர் 7 அன்று மக்கள் வாக்குக்கு வந்தது. அரசுப் பள்ளிகளில் தன்பாலீர்ப்பாளர்கள் வேலை பார்க்கக் கூடாது, அவர்களை ஆதரித்து வெளியே பேசுகிற ஆசிரியருக்கும் வேலை போகலாம் என்பது அதன் சாரம். அதை எதிர்த்து நின்ற ரிபப்ளிகன்களிடமிருந்துதான் இந்த அமைப்பு வளர்ந்தது.

இதில் விட்டுவிடக் கூடாத ஆள் ரொனால்ட் ரீகன். 1980 அதிபர் தேர்தலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர், வாக்குப்பதிவுக்கு முன்பே இதை வெளிப்படையாக எதிர்த்தார். அவர் வாதம் ரொம்ப நடைமுறையானது: மதிப்பெண் குறைந்த கோபத்தில் ஒரு மாணவன் வாத்தியார் மேல் பழி போட்டால் என்ன ஆகும்? 58.4 சதவீதம் பேர் எதிர்த்து வாக்களித்ததால் அது தோற்றது. வெளிப்படையான தன்பாலீர்ப்பாளராக இருந்த சான் பிரான்சிஸ்கோ அரசியல்வாதி ஹார்வி மில்க் அதைத் தோற்கடிக்க உழைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்க, அதுதான் நியாயம். ‘லாக் கேபின்’ என்றால் மரக்குடில்; பெயர் லிங்கன் பிறந்த மரக்குடிலிலிருந்து வந்தது. லிங்கன் அவர்கள் கட்சியின் முதல் அதிபர் என்று ஒரு வரி போதும்.

குப்பம் தமிழன்:
அண்ணாச்சி சொன்ன தொடக்கம் சரி. அதற்குப் பிறகு வருஷ வரிசையில் எல்லாவற்றையும் அடுக்கினால் கூட்டம் தூங்கிவிடும். ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் கட்சி வேட்பாளரை ஆதரித்தார்களா, மறுத்தார்களா என்று மட்டும் பாருங்கள். கட்சிக்குள் அவர்கள் கையில் இருந்த பெரிய ஆயுதம் அதுதான்.

1992 ஹூஸ்டன் கட்சி மாநாட்டில், வேட்பாளர் போட்டியில் மூத்த புஷ்ஷிடம் தோற்ற பேட் புக்கானன், தன்பாலீர்ப்பாளர் உரிமையையும் தாக்கி ‘பண்பாட்டுப் போர்’ என்று முழங்கினார். அந்த முறை மூத்த புஷ்ஷுக்கு ஆதரவு இல்லை. 1995இல் இவர்கள் கொடுத்த 1,000 டாலர் நன்கொடையை பாப் டோலின் பிரசாரக் குழு திருப்பி அனுப்பியது. பிறகு அது தம் ஊழியர்கள் செய்த தவறு என்று டோலே சொன்னார். 1996இல் கட்சி வேட்பாளரான டோலுக்கு அமைப்பின் ஆதரவு கிடைத்தது. 2004இல் ஒருபாலினத் திருமணத்தைத் தடுக்க அரசியல் சாசனத்தையே திருத்தலாம் என்றார் இளைய புஷ். அமைப்பின் நிர்வாகக் குழு 22க்கு 2 என்று ஆதரவை மறுத்தது. இந்த வாக்கெடுப்பில் கொஞ்சம் நேரம் நில்லுங்கள். பதவியில் இருக்கிற சொந்தக் கட்சி அதிபருக்கு எதிராக இப்படி முடிவெடுக்கத் துணிச்சல் வேண்டும். 2008இல் மெக்கெய்ன், 2012இல் ராம்னி, இருவருக்கும் ஆதரவு. 2016இல் டிரம்ப்புக்கு இல்லை, 2020 தேர்தலுக்காக 2019இல் உண்டு. அதையொட்டி அமைப்பின் செயல் இயக்குநர் விலகினார்.

பாறசாலை வக்கீல்:
வழக்குக்கு வருகிறேன், பலரும் சறுக்குகிற இடம் இது. எதிர்த்தது 1993இல், கிளின்டன் காலத்தில் வந்த ‘கேட்காதே, சொல்லாதே’ சட்டத்தை. தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைத்தால்தான் ராணுவத்தில் இருக்கலாம், வெளியே தெரிந்தால் நீக்கம் என்பது அதன் சாரம். 2004இல் புஷ் அரசு இருக்கும்போதே கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள்.

முதல் தடை, வழக்குத் தொடரும் தகுதி. அமைப்புக்கு நேரடி பாதிப்பு இல்லை. பாதிக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரையாவது காட்டியாக வேண்டும். ராணுவத்திலிருந்து நீக்கப்பட்ட ஒருவரைக் கௌரவ உறுப்பினராகக் காட்டினார்கள். அது செல்லாது என்று அரசு தரப்பு வாதாடியும் நீதிபதி வர்ஜீனியா பிலிப்ஸ் ஏற்கவில்லை.

2010 செப்டம்பர் 9: சட்டம் சாசனத்துக்கு முரண் என்று தீர்ப்பு.
அக்டோபர் 12: நாடு முழுக்க அதை அமல்படுத்தத் தடையாணை.
அக்டோபர் 20: மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை நிறுத்திவைத்தது. இடையில் 8 நாள்தான்.
டிசம்பர் 22: ஒபாமா கையெழுத்தில் நாடாளுமன்றம் வழியாகவே சட்டம் நீக்கம். அது நடைமுறைக்கு வந்தது 2011 செப்டம்பர் 20.
2011 செப்டம்பர் 29: சட்டமே போன பிறகு வழக்குக்கு வேலையில்லை என்று மேல் நீதிமன்றம் கீழ்த் தீர்ப்பை ரத்து செய்தது.

ஆகவே ‘கீழ் நீதிமன்றத்தில் வென்றார்கள், அந்தத் தீர்ப்பு முன்னுதாரணமாக நிலைக்கவில்லை’ என்று சொன்னால் துல்லியம். தோற்றார்கள் என்று சொன்னால் தவறு. அந்த 8 நாள் அதிர்ச்சி, நாடாளுமன்றம் முடிவெடுக்கா விட்டால் நீதிமன்றம் முடிவெடுத்துவிடும் என்ற நெருக்கடியைக் கூட்டியது என்பது என் கணிப்பு.

கொழிஞ்சாம்பாறை வாசகன்:
நன்றி சார், குழப்பம் தீர்ந்தது. ‘கன்சர்வேடிவ்’ என்பதற்கான சொல்?

செங்கோட்டை அண்ணாச்சி:
தமிழில் ‘பழமைவாதி’ என்றால் திட்டுவது மாதிரி விழும். மலையாளப் பத்திரிகையில் வருகிற ‘யாதாஸ்திதிகன்’ என்பதற்கும் அதே வாடைதான். ‘வலதுசாரி’ என்று வைத்துக்கொண்டு, குறைந்த வரி, சின்ன அரசாங்கம், தனிமனிதச் சுதந்திரம் என்று அவர்கள் நம்புவதைச் சொல்லிவிடுங்க. நம்மூர்க் கட்சி எதனோடும் ஒப்பிடாதீங்க, கேள்வி நேரம் முழுக்க அங்கேயே போய்விடும். பிரிக்ஸுக்கு 10 நிமிடம், தேர்தல்களுக்கு 12, வழக்குக்கு 13, மிச்சம் 5 கேள்விக்கு. தேதிகளைக் கரும்பலகையில் முன்கூட்டியே எழுதிப் போட்டுடுங்க.