தோண்டிய தெருவை மூடித் தர யாரிடம் முறையிடுவது?

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் குடியிருக்கிறேன். குடிநீர்க் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியவர்கள் மண்ணை மட்டும் தள்ளி மூடிவிட்டுப் போனதால், மழைக்குப் பின் என் வாசலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துள்ளது. பால்காரர் இரண்டு முறை வண்டியோடு சாய்ந்துவிட்டார். அலுவலகத்தில் மூன்று முறை வாய்மொழியாகச் சொல்லியும் பலனில்லை. அடுத்து என்ன செய்யலாம்?

பதில் 1: ஐயா, வாய்மொழிப் புகாருக்குத் தடயமே இருக்காது. செயல் அலுவலருக்கு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் தேதியும் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்கு முன், அந்தச் சாலை பேரூராட்சிக்குச் சொந்தமா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று விசாரித்துவிடுங்கள். இது தெரியாமல் கொடுக்கும் மனு இரண்டு அலுவலகங்களுக்கு இடையே பந்தாடப்படும். (நான் பட்டு அறிந்தது.)

பதில் 2: முதல்வரின் உதவி மையத்தை 1100 என்ற எண்ணில் அழைத்துப் பதிவு செய்தால் மனு எண் கிடைக்கும். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் மனு அளிக்கலாம்.

பதில் 3: அண்ணா, இவற்றோடு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பணி ஆணையின் நகலையும் அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) பக்கங்களையும் கேளுங்கள். சாலையைச் சீரமைத்ததாக அதில் அளவு எழுதிப் ஒப்பந்ததாரருக்குப் பட்டியல் தொகை (பில் பணம்) வழங்கப்பட்டிருந்தால், அது பொய் என்பதற்கு உங்கள் வாசல் பள்ளமே சாட்சி. 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். பள்ளத்தைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். நீங்களே ஜல்லி கொட்டி மூடிவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்: பாதிப் பள்ளத்தில் நேற்றுத்தான் செங்கல் துண்டுகளைக் கொட்டினேன். நல்லவேளை, அதற்கு முன்பே படம் எடுத்திருந்தேன்.