ஆட்கள் கூடுகிறார்கள், அலுவலகத்தில் இடமில்லை: வீட்டிலிருந்து வேலை செய்ய ஒத்துக்கொள்ளலாமா?

உப்புவெளிக்காரி:
வணக்கம். திருகோணமலை உவர்மலையில் வாடகை வீட்டில் இயங்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மூதூர், வெருகல், தம்பலகாமம் பக்கத்துப் பெண்களின் சுயதொழிலுக்கு உதவுகிறோம். புதிய திட்டங்கள் கிடைத்து ஆட்கள் கூடிவிட்டதால் இருக்கிற இடம் காணாது. பெரிய இடம் எடுத்தால் வாடகைக்கே காசு போய்விடும், அதனால் கள உத்தியோகத்தர்களைத் தவிர மற்ற எல்லோரும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்கிறார் பணிப்பாளர். எனக்கு அறிக்கை எழுதுவதும் நிதி தருபவர்களோடு கதைப்பதும்தான் வேலை. வீட்டில் சின்னப் பிள்ளை, சுகமில்லாத மாமி, அதனால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் யாரைப் பார்த்து வேலை பழகுவார்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா கணக்கு:
தங்கச்சி, நான் இப்படி ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்து கணக்குப் பார்க்கிறேன். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு டவுனுக்குப் போவது பெரிய பாடில்லை, ஆனாலும் காலையில் பஸ்ஸுக்கு ஓடாமல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அமைதியாக உட்கார முடிகிறதே, அது பெரிய நிம்மதி. தலையிடி வவுச்சரில்தான். களத்திலிருந்து பில்லைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவார்கள், பார்த்தால் திகதிக்கு மேலே பெருவிரல் இருக்கும், கடைக்காரர் கையால் எழுதிய தொகை மங்கலாக இருக்கும். கணக்காய்வுக்கு வருபவர்கள் மூலப் பில்லைத்தான் கேட்பார்கள். அதனால் வாரம் ஒருமுறை எல்லாப் பில்லும் உறையில் போட்டு ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும் என்று முதல் நாளே விதி வையுங்கள்.

அப்புறம் முக்கியமான விஷயம். வீட்டிலிருந்து வேலை என்றதும் சில இடங்களில் நியமனக் கடிதத்தை மாற்றி "ஆலோசகர்" என்று போட்டுவிடுகிறார்கள், அதோடு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) இரண்டும் நின்றுவிடும். உங்கள் சம்பளத்தில் ஈபிஎஃப்புக்குப் பிடிக்கும் 8 சதவீதத்துக்கு மேலே நிறுவனம் போடும் 12 சதவீதமும், ஈடிஎஃப் 3 சதவீதமும் சின்னக் காசில்லை. நீங்கள் ஊழியர்தான், இருக்கிற இடம் மட்டும்தான் மாறுகிறது. அது கடிதத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூதூர் களம்:
அக்கா, கள ஆள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தை மூடியபோது காசு மிச்சமானது உண்மை. ஆனால் களத்திலிருந்து வந்து தேநீர் குடிக்கும்போது சும்மா சொல்கிற கதை நின்றுபோனது. ஒரு கிராமத்தில் பெண்கள் புதன்கிழமைப் பயிற்சிக்கு வருவதில்லை, படிவத்தில் "வரவு குறைவு" என்றுதான் எழுதியிருந்தோம். நுண்கடன்காரர் தவணை எடுக்க வருவது அதே புதன்கிழமை என்பது அந்தக் கிராமத்துக்குப் போகும் எங்கள் களப் பொடியனுக்குத் தெரியும், எழுத இடமில்லாததால் எழுதவில்லை. முன்பென்றால் அன்றைக்கே வாயில் வந்திருக்கும், பயிற்சி நாளையே மாற்றியிருப்போம். சூமில் யாரும் இதையெல்லாம் சொல்வதில்லை, கமராவை மூடிவிட்டு "ஓம் சேர்" என்று முடித்துவிடுவார்கள். புதிய பிள்ளைகளை முதல் சில மாதமாவது அனுபவமுள்ள ஒருவரோடு களத்துக்கு அனுப்புங்கள், வீட்டில் தனியே விடாதீர்கள். பணத்துக்காக அலுவலகத்தை முழுதாக விடுவதும் சரியில்லை. கடிதம் வர ஒரு விலாசம், ஒரு பெண் பிரச்சினையோடு வந்தால் தட்ட ஒரு கதவு வேண்டும்.

ஈச்சிலம்பற்று பிள்ளை:
மூதூர் அண்ணா சொல்வது சரி, ஆனால் என் பக்கத்தையும் பாருங்கள். தினமும் டவுனுக்குப் போய்வர வேண்டும் என்றால் எனக்கு இந்த வேலையே கிடைத்திருக்காது, வீட்டிலும் விட்டிருக்க மாட்டார்கள். இங்கே படித்துவிட்டு இருக்கிற பெண்கள் எத்தனையோ பேர், அவர்களை எடுக்கலாம் என்பதுதான் இதில் பெரிய நன்மை என்று நினைக்கிறேன். செலவை மட்டும் எங்கள் தலையில் போடக்கூடாது. பகல் முழுக்க ஃபேனும் லப்டொப்பும் ஓடினால் கரண்ட் அலகு கூடும், அலகு கூடக்கூட அலகின் விலையும் ஏறும். மாரியில் கரண்ட் போனால் சிக்னலும் போகும். டேட்டாவுக்கும் கரண்டுக்கும் மாதக் கொடுப்பனவைத் திட்ட வரவுசெலவிலேயே போடச் சொல்லுங்கள் அக்கா. நிதி தரும் லண்டன்காரரோடு கதைப்பதென்றால் நேரத்தையும் பேசி வையுங்கள், அவர்களுக்குப் பின்னேரம் நான்கு மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு ஒன்பதரை.

உப்புவெளிக்காரி:
எல்லோருக்கும் மிகவும் நன்றி. இரவுக் கூட்டத்தை நான் யோசிக்கவே இல்லை, பிள்ளை தூங்கும் நேரம். முன் அறையையும் சின்ன அறையையும் மட்டும் வைத்துக்கொண்டு, வாரம் ஒருநாள் களத்து ஆட்கள் உட்பட எல்லோரும் வரலாம் என்று பணிப்பாளரிடம் எழுதிக் கேட்கப் போகிறேன். வாரக் கடைசி என்பதால் வெள்ளி சரிவருமா?

கிண்ணியா கணக்கு:
வெள்ளி வேண்டாம் தங்கச்சி, எங்கள் ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவார்கள், பாதி நாள் போய்விடும். செவ்வாய் வையுங்கள். திங்கள் களத்துக்குப் போனவர்கள் பில்லையும் கையோடு கொண்டுவருவார்கள்.