மாணவர்கள் தாமே தேர்ந்தெடுக்கும் செயல்திட்டம்: எட்டாம் வகுப்பில் எப்படித் தொடங்குவது?

வினா (சேரன்மகாதேவி ஆசிரியை):

அனைவருக்கும் வணக்கம். சேரன்மகாதேவி வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த ஒன்றைத் தாங்களே எடுத்துச் செய்வதற்கென்று, வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளை ஒதுக்கத் தலைமையாசிரியர் இசைவு தந்திருக்கிறார். இதுவரை செயல்திட்டம் என்றாலே சார்ட் வாங்கி, படம் அச்செடுத்து ஒட்டி, அண்ணனோ அக்காவோ எழுதிக் கொடுப்பதாகவே இருந்துவருகிறது. அதை மாற்ற வேண்டும் என்பதே என் ஆசை. ஆனால், 'உனக்கு என்ன பிடிக்கும்?' என்று கேட்டால் பையன்களில் பாதிப் பேர் கிரிக்கெட் என்கிறார்கள். பெண்பிள்ளைகள் பலரும் 'நீங்களே சொல்லுங்க டீச்சர்' என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். என் விருப்பத்தைத் திணிக்காமல் அவர்களைத் தேர்ந்தெடுக்க வைப்பது எப்படி? மதிப்பெண் எப்படிப் போடுவது?

மறுமொழி (அம்பை, ஓய்வுபெற்ற ஆசிரியர்):

அம்மா, 'என்ன பிடிக்கும்' என்ற கேள்விக்குப் பதிமூன்று வயதுப் பிள்ளையால் எளிதில் விடை சொல்ல முடியாது. அன்றாடம் கண்ணில் படுகிற எதில் உனக்குப் புரியாதது இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். என்னிடம் படித்த ஒரு மாணவி பத்தமடையில் பாய் நெய்யும் வீட்டுப் பிள்ளை. வகுப்பில் வாய் திறக்கவே மாட்டாள். பத்தமடைப் பாய் என்று தலைப்புக் கொடுத்திருந்தால், புவிசார் குறியீடு பெற்றது, தாமிரபரணிக் கரைக் கோரையில் நெய்வது என்று நான்கு வரியோடு முடித்திருப்பாள். அவளோ, ஒரே அளவுள்ள இரண்டு பாய்களில் ஒன்று சில நூறு ரூபாய்க்கும் மற்றொன்று பல ஆயிரம் ரூபாய்க்கும் போவது ஏன் என்ற கேள்வியோடு வந்தாள். இரண்டின் மேலும் அடிக்கோலை வைத்துப் பாவு நூலை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, எண்ணினாள். நயமான பாயில் பாவு நூறு நூலுக்கு மேல் போவதையும், அதற்கேற்பக் கோரையை மயிரிழைபோலக் கிழித்துத் தண்ணீரில் ஊறப்போட வேண்டியிருப்பதையும் வீட்டிலேயே பார்த்து எழுதினாள். பிறகு தன் ஆச்சி ஒரு சாண் நெய்ய எடுக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக் கூலியைக் கணக்கிட்டவள், 'இவ்வளவு வேலைக்கு இவ்வளவுதானா சார்?' என்று வகுப்பின் நடுவில் எழுந்து நின்று கேட்டாள். விலைக் கணக்கும் பொருளியலும் அங்கிருந்துதான் அவளுக்குப் பிடிபடத் தொடங்கின.

செயல்திட்ட முறையைப் பற்றி அமெரிக்கக் கல்வியாளர் கில்பாட்ரிக் 1918இல் எழுதியபோது, பிள்ளை மனம் ஒன்றிச் செய்யும் நோக்கமுள்ள செயலே அதன் உயிர் என்றார். ஆனால் 1931இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி, செயல்திட்டம் என்ற பெயரில் நடப்பவை பலவும் தற்செயலாகத் தொடங்கிச் சிறிது காலத்தில் முடிந்துவிடுவதால் பிள்ளையின் அறிவு பெரிதாக விரிவதில்லை என்று குறை சொன்னார். ஆகவே, தேர்ந்தெடுப்பது பிள்ளையே என்றாலும் அதை ஆழப்படுத்துவது ஆசிரியர் பொறுப்புதான். அதைத் திணிப்பு என்று எண்ணி நீங்கள் ஒதுங்கிவிட வேண்டாம்.

மறுமொழி (நாங்குநேரிப் பக்கத்து ஆசிரியர்):

அண்ணாச்சி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் கிரிக்கெட்டை யாரும் தள்ளிவிடக் கூடாது என்று சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். ஒரே உயரத்திலிருந்து டென்னிஸ் பந்தைச் சிமெண்ட் தரை, செம்மண், காய்ந்த குளத்துக் கரம்பை மண் மூன்றிலும் போட்டு, எழும்பும் உயரத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்தால் முழுமையான ஓர் இயற்பியல் ஆய்வு கிடைத்துவிடும்.

இன்னொன்று, பருவத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தில் பறவைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. வீட்டு வாசலிலிருந்தே எண்ணலாம். ஆனால் குஞ்சு பொரிக்கும் காலத்தின் நடுவில் கோடை விடுமுறை வந்துவிடும். விடுமுறையிலும் எண்ணிக் குறிப்பெழுத வீட்டில் ஒருவர் துணைநிற்கும் பிள்ளைக்கே அந்த வேலை ஒத்துவரும்.

வினவியவர்:

இருவருக்கும் நன்றி. பெற்றோர் மதிப்பெண்ணைத்தான் கேட்பார்கள். அதற்கு என்ன செய்கிறீர்கள்?

மறுமொழி (பாளையங்கோட்டை ஆசிரியை):

வளரறி மதிப்பீட்டில், அதாவது பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் மதிப்பீட்டில், செயல்பாடுகளுக்கு உரிய பகுதியிலேயே இதைச் சேர்த்துக்கொள்ளலாம். முடிந்த பொருளின் அழகுக்கு நான் மதிப்பெண் கொடுப்பதில்லை. கொடுத்தால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் முந்தும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இன்று என்ன செய்தேன், எது எதிர்பார்த்தபடி வரவில்லை, அடுத்து என்ன செய்யப் போகிறேன் என்று வகுப்பிலேயே நோட்டில் எழுதச் சொல்லி, அந்த நோட்டுக்கே மதிப்பெண் போடுகிறேன். வீட்டுக்குக் கொடுத்தனுப்பாததால் அண்ணனும் அக்காவும் எழுத வழியில்லை. காசு கொடுத்து எதையும் வாங்கக் கூடாது என்பதையும் விதியாக வைத்திருக்கிறேன். நன்றாக வரும் ஆய்வுகளைத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அனுப்பலாம். 1993 முதல் நடந்துவரும் அந்த மாநாட்டின் மாவட்டச் சுற்றில் பிள்ளைகள் தமிழிலேயே ஆய்வை முன்வைக்கலாம். அங்கே கருப்பொருளை மாநாட்டை நடத்துவோரே அறிவிப்பார்கள் என்பதால், பிள்ளையின் கேள்வி தானாக அதற்குள் அடங்கினால் மட்டும் அனுப்புங்கள். அதற்காகக் கேள்வியை மாற்றச் சொல்லாதீர்கள்.